புள்ளி தெரியாத திரை



ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பள்ளி வாயிலில் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்பவர்கள் உண்டு. "டீச்சர், பிள்ளைக்கு லேப்டாப் வாங்கப் போறோம். எது வாங்கலாம்?" கேட்பவர் கையில் பெரும்பாலும் கடை விளம்பரத்தாள் ஒன்று இருக்கும். எத்தனை ஜிபி நினைவகம், எந்தத் தலைமுறைச் செயலி, பை இலவசமாகக் கிடைக்குமா என்றெல்லாம் முன்கூட்டியே விசாரித்து வைத்திருப்பார்கள். திரையைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் "14 இஞ்சா, 15 இஞ்சா?" என்பதோடு நின்றுவிடும். பிள்ளை நாள்தோறும் உற்று நோக்கப் போவது அந்தத் திரையைத்தான் என்பது ஏனோ நம் நினைவுக்கு வருவதில்லை!

திரையின் அளவு வேறு; பிரிதிறன் வேறு. திரையில் கிடையாக எத்தனை படப்புள்ளிகள், நெடுக்காக எத்தனை படப்புள்ளிகள் என்னும் கணக்கே பிரிதிறன். கடைக்காரர் பிக்சல் என்று சொல்வதைத்தான் படப்புள்ளி என்கிறேன். மெய்யெழுத்தின் தலையில் நாம் வைக்கும் புள்ளியோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இக்கட்டுரையில் இரண்டும் வரும். இரண்டுக்கும் உள்ள உறவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்குக் கணினி வாங்குகிறவர்கள், வேறு எதில் சிக்கனம் பார்த்தாலும், திரையின் பிரிதிறனில் சிக்கனம் பார்க்கக் கூடாது. எழுத்துச் சிறிதாகத் தெரிகிறது என்பதற்காகப் பிரிதிறனைக் குறைத்து வைக்கவும் கூடாது. இதனை நான் நூல்களில் படித்து அறியவில்லை. ஒரு மாணவனைத் தவறாக மதிப்பிட்ட பிறகே அறிந்தேன்.

2021ஆம் ஆண்டு. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையினால் பள்ளிகள் மூடப்பட்டு, இல்லிருப்புக் கற்றல் நடந்துகொண்டிருந்த காலம். ஜாசின் வட்டாரத்தில் தோட்டப்புறத்திலிருந்து வருகின்ற மாணவன் ஒருவன் அப்பொழுது ஆண்டு இரண்டில் என்னிடம் பயின்றான். இயங்கலையில் பாடப்பகுதியை வாசிக்கச் சொன்னால் தடுமாறினான். 'மூட்டை' என்பதை 'முட்டை' என்றான். 'கோடு' என்பதை 'கொடு' என்றான். 'பேறு' அவனுக்குப் 'பெறு' ஆயிற்று. அறிந்த சொல் என்றால் ஊகித்துச் சரியாகச் சொல்லிவிடுவான். புதிய சொல் வந்தால் குறில் நெடில் வேறுபாடே அவனிடம் இல்லை. சில வாரங்கள் பார்த்தேன். பிறகு வகுப்புசார் மதிப்பீட்டில் அவனுக்குக் குறைந்த அடைவுநிலையைக் குறித்துவிட்டு, குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று தாயாரிடம் தொலைபேசியில் சொன்னேன். அந்த அம்மையார் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "டீச்சர், என் போன்ல நல்லாத்தானே வாசிக்கிறான்... கம்ப்யூட்டர்லதான் தப்புத் தப்பாப் படிக்கிறான்" என்றார்.

பிள்ளைமீது கொண்ட பாசத்தால் சொல்கிறார் என்றே எண்ணினேன். அச்சொற்களை நான் அன்றே ஆராய்ந்திருக்க வேண்டும்.

பள்ளி மீண்டும் திறந்தபோது அதே மாணவன் அச்சிட்ட பாடநூலை என் முன் நின்று வாசித்தான். பிழையே இல்லை! எனக்கு வியப்பாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பின்பொரு நாள் அவன் இல்லத்துக்குச் சென்றபோது அந்தக் கணினியைப் பார்த்தேன். யாரோ பயன்படுத்திவிட்டு விற்றது. 14 அங்குலத் திரை. 1366 × 768 படப்புள்ளிகள் கொண்டது. எழுத்துச் சிறிதாக இருக்கின்றதே என்று அவனுடைய மாமா அதனை 1024 × 768 ஆகக் குறைத்து வைத்திருந்தார். அவர்மீது குறை சொல்வதற்கில்லை. நம்மில் பலர் அதைத்தான் செய்கிறோம். எழுத்து அகலமாகியிருந்தது. ஆனால், பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் ஒவ்வோர் எழுத்தின் விளிம்பும் கலங்கியிருந்தது. அதில் என் பங்கும் உண்டு. பாடநூலின் முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் தெரியும்படி சுருக்கி வைத்துக்கொண்டுதான் நான் பாடம் நடத்தினேன்.

முன்பிருந்த பருத்த கண்ணாடிக் குழாய்த் திரைகளில் பிரிதிறனைக் குறைத்தால் பெருந்தீங்கு இல்லை. மின்கற்றை கோடு கோடாகப் படம் வரைந்த திரை அது. குறைந்த கோடுகளாலும் ஓரளவு நன்றாக வரையும். நம்முள் பலர் கணினி பழகியது அத்தகைய திரைகளில்தான். 800 × 600 என்று வைத்தால் எழுத்துப் பெரிதாகும் என்ற பழக்கம் அங்கிருந்து வந்தது. இன்றைய தட்டைத் திரை அப்படியன்று. அதில் படப்புள்ளிகள் தொழிற்சாலையிலேயே எண்ணிப் பதிக்கப்பட்டவை. 1366 கட்டங்கள் உள்ள இடத்தில் 1024 கட்டங்களுக்குரிய படத்தைக் கொடுத்தால், ஒரு புள்ளியை ஒன்றேகால் கட்டம், ஒன்றரைக் கட்டம் என்று பங்கிட வேண்டிவரும். பாதிக் கட்டம் என்று ஒன்று இல்லை. எனவே பக்கத்துக் கட்டத்தில் சாம்பல் நிறத்தைப் பூசி ஈடுகட்டுகிறது. நாம் கலங்கல் என்று காண்பது அந்தச் சாம்பல் பூச்சுத்தான்.

ஆங்கிலத்துக்கு இதனால் சிறு இடைஞ்சல், தமிழுக்குப் பெருந்தீங்கு. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விண்டோஸ் கணினியில் பெரிதாக்காத நிலையில் 12 புள்ளி அளவுள்ள எழுத்துக்கு 16 படப்புள்ளி உயரமே கிடைக்கும். அதற்குள் தலைக்கு மேலே மெய்யின் புள்ளியும் ஈகார விலங்கின் சுழியும் இருக்க வேண்டும். அடியில் உகர ஊகாரக் கீற்றுகள் இறங்க வேண்டும். எழுத்தின் உடலுக்கு ஏறத்தாழப் பாதிதான் மிஞ்சும். அந்த எட்டு வரிசைக்குள் ணகரத்தின் சுழிகளை வரைந்து பாருங்கள். ஒரு கோட்டுக்கு ஒரு படப்புள்ளி, கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே ஒரு படப்புள்ளி என்று விட்டால்கூட மூச்சு முட்டுகிறது! 'கி'யையும் 'கீ'யையும் பிரிப்பது ஒரு சிறு சுழி. ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் பிரிப்பதும் ஒரு சுழி. 'மு'வுக்கும் 'மூ'வுக்கும் நடுவில் இருப்பதும் ஒரு வளைவுதான். மெய்யின் புள்ளியோ அந்த அளவில் ஒரு படப்புள்ளி, மிஞ்சினால் இரண்டு. அதில் சாம்பல் நிறம் பூசப்பட்டால் என்ன மிஞ்சும்?

வளர்ந்தவர்களாகிய நாம் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. சொல்லின் வடிவத்தையும் வாக்கியத்தின் போக்கையும் கொண்டு ஊகித்துவிடுகிறோம். ஆகவே, திரை கலங்கியிருந்தாலும் நமக்குத் தெரிவதில்லை. "எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்று பெற்றோர் சொல்வதன் காரணம் இதுவே. ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சுழியும் புள்ளியுமே முழுச் செய்தி. அதை மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்கிறோம். வாசிக்காவிட்டால் பலவீனம் என்று குறித்துக்கொள்கிறோம். குறித்தவள் நான்.

தமிழ் எழுத்துக்கு இந்த இடர் இன்று வந்ததன்று. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் வகுத்தது. ஆயினும், ஓலையில் எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏடெழுதியோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். மெய்யா, உயிர்மெய்யா, குறிலா, நெடிலா என்பதைப் படிப்பவரே தெளிந்துகொள்ள வேண்டியிருந்தது. எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் கண்ணால் பிரித்தறியும்படி வரிவடிவத்தைத் திருத்தியவர் என்று 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவரைக் கூறுவர். அச்சிலும் இந்த இடர் இருந்தது. தரங்கம்பாடிக்கு செருமனியின் ஆல் நகரிலிருந்து வந்த முதல் தமிழ் அச்செழுத்துகள் அளவில் மிகப் பெரியனவாக இருந்தன. தாள் போதவில்லை. எனவே சீகன்பால்குவின் குழுவினர் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி நிறைவுற்றது. எழுத்தைச் சிறிதாக்க வேண்டுமானால் நுட்பமாக வார்க்கும் ஆற்றல் வேண்டும் என்பதை அவர்கள் ஈயத்தில் கண்டனர். நாம் படப்புள்ளியில் காண்கிறோம்.

எழுத்துரு வடிவமைப்போர் தம்மாலானதைச் செய்திருக்கின்றனர். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் முரசு மென்பொருளைத் தொடங்கியவர். அவருடைய இணைமதி எழுத்துருவை ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளிலேயே சேர்த்துக்கொண்டது. விண்டோஸ் 2000உடன் லதா வந்தது. 2012இல் விண்டோஸ் 8உடன் நிர்மலா வந்தது. பழைய லதாவைவிட நிர்மலா என் கண்ணுக்குத் திறந்த வடிவமாகத் தெரிகிறது. (இது என் சுவை மட்டுமே; லதாவை விரும்பும் நண்பர்கள் என்மீது சினங்கொள்ள வேண்டாம்!) ஆனால், எவ்வளவு நல்ல எழுத்துருவாயினும், எட்டு வரிசைக்குள் பத்து வரிசைக்குரிய உருவத்தை வரைந்துவிட முடியாது.

இனிக் கடைக்குச் செல்வோம். அங்கே பெரும்பாலும் இரண்டு சொற்களைக் கேட்பீர்கள். 'எச்.டி.' என்பது ஒன்று, 'எஃப்.எச்.டி.' என்பது மற்றொன்று. ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. அதனால் பலரும் பொருட்படுத்துவதில்லை. மடிக்கணினி விளம்பரத்தில் எச்.டி. என்றால் பொதுவாக 1366 × 768. எஃப்.எச்.டி. என்றால் 1920 × 1080. முன்னதில் உள்ள படப்புள்ளிகள் ஏறத்தாழப் பத்து இலட்சம். பின்னதில் இருபது இலட்சத்துக்கும் மேல். புதுப்பிக்கப்பட்ட பழைய அலுவலகக் கணினிகளை வாங்குவோர் இன்னும் கவனமாக இருத்தல் வேண்டும். ஒரே பெயர், ஒரே உருவம் கொண்ட கணினி இருவகைத் திரையோடும் வெளிவந்திருக்கும். மூடியின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டை நம்பாமல் திறந்து பார்த்துக் கேளுங்கள்.

14 அங்குலத் திரையில் 1366 × 768 என்றால் ஓர் அங்குலத்துக்கு 112 படப்புள்ளிகள் வருகின்றன. 1920 × 1080 என்றால் 157. அந்தத் தாயாரின் கைப்பேசியைப் போன்ற மலிவான கைப்பேசிகளில்கூட, 6.5 அங்குலத்தில் 1600 × 720 இருந்தால், அங்குலத்துக்கு 270 ஆகிறது. பிள்ளை கைப்பேசியில் சரியாக வாசித்த மாயம் இப்பொழுது விளங்குகிறதல்லவா? எழுத்துச் சிறியது, ஆனால் சுழி சுழியாக இருந்தது.

அப்படியானால் எவ்வளவு இருந்தால் போதும்? இயல்பான பார்வையுள்ள கண், ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு வரை பிரித்தறியும் என்பது கண் மருத்துவர்கள் வழக்கமாகக் கொள்ளும் அளவுகோல். அரை மீட்டர் தொலைவில் அமர்ந்து படித்தால், அக்கணக்குப்படி அங்குலத்துக்கு 175 படப்புள்ளிகள் வரை கண் பயன்படுத்திக்கொள்ளும். 60 செண்டிமீட்டர் என்றால் 146 போதும். ஆகவே 14 அங்குல எஃப்.எச்.டி. ஏறக்குறையப் போதுமான இடத்தில் நிற்கிறது. 15.6 அங்குல எஃப்.எச்.டி. 141, சற்றுத் தள்ளி அமர்ந்தால் அதுவும் சரியே. ஆனால், 15.6 அங்குலத்தில் வெறும் எச்.டி. என்றால் 100தான். "பெரிய திரை, கண்ணுக்கு நல்லது" என்று கடையில் சொல்லித் தருவது சில வேளைகளில் இதைத்தான்! 14 அங்குலத்தில் 4கே திரை வாங்குவது தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு வீண்செலவு. விலையும் கூடும், மின்கலமும் விரைவில் தீரும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். "படப்புள்ளி கூடினால் எழுத்துச் சிறிதாகிவிடுமே, டீச்சர்?" உண்மை. அதே திரையளவில் கூடுதல் புள்ளிகளை அடைத்தால், 16 புள்ளி உயர எழுத்துச் சுருங்கிவிடும். எஃப்.எச்.டி. திரை வாங்கிய முதல் நாளே பலர் அஞ்சிப் பிரிதிறனைக் குறைப்பதும் இதனால்தான். அதற்கான தீர்வு வேறிடத்தில் இருக்கிறது. திரையின் வெற்றிடத்தில் வலப்பொத்தானை அழுத்தி 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' சென்றால் இரண்டு கட்டங்கள் இருக்கும். 'டிஸ்பிளே ரெசல்யூஷன்' என்பதை, 'ரெக்கமெண்டட்' என்று குறித்துள்ள அளவிலேயே விட்டுவிடுங்கள். அதைத் தொடவே வேண்டாம். அதற்கு மேலே உள்ள 'ஸ்கேல்' என்பதை 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்துங்கள். 150இல் அந்த எழுத்து 24 படப்புள்ளிகளால் வரையப்படும். தாளில் அளந்தால் 14 அங்குல எச்.டி. திரையில் அவ்வெழுத்து 3.6 மில்லிமீட்டர், எஃப்.எச்.டி. திரையில் 150 விழுக்காட்டில் 3.9 மில்லிமீட்டர். அளவில் பெரிய வேறுபாடில்லை. ஆனால், அதே எழுத்தை வரைய இருமடங்குக்கும் மேலான படப்புள்ளிகள் கிடைக்கின்றன. ணகரம் மூச்சுவிடுகிறது!

பாடநூலின் மின்பதிப்பைப் படிப்பதில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். ஏ4 பக்கம் முழுவதும் திரைக்குள் அடங்க வேண்டுமெனில், 768 வரிசையில் மேலே கீழே உள்ள பட்டைகள் போக ஏறத்தாழ 620 வரிசைகள் எஞ்சும். அப்பொழுது 12 புள்ளி எழுத்துக்குக் கிடைப்பது ஒன்பது படப்புள்ளி உயரம் மட்டுமே. 1080 வரிசைத் திரையில் 13 வரை கிடைக்கும். இரண்டுமே தமிழுக்குப் போதா. ஆகையால் எந்தத் திரையாயினும் முழுப் பக்கத்தைக் காட்டாதீர்கள். பக்கத்தின் அகலம் திரையை நிரப்பும்படி வைத்துக் கீழே நகர்த்திச் செல்லுங்கள். பழைய கணினிதான் இருக்கிறது, புதிது வாங்க இயலாது என்னும் குடும்பங்களுக்கும் இந்த ஒரு பழக்கம் செலவின்றி உதவும். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் உலாவியில் எழுத்துப் பெரிதாகும். அதுவும் கலங்காமல் பெரிதாகும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கும் திட்டம் வந்தபோது பள்ளிகளுக்கு மடிக்கணினிகளும் எல்.சி.டி. புரொஜெக்டர்களும் வந்தன. அவை தமிழுக்காக வந்தவையல்ல. ஆயினும் நாம் தமிழுக்கும் பயன்படுத்திக்கொண்டோம். இன்றும் பல வகுப்பறைகளில் 1024 × 768 படப்புள்ளி கொண்ட புரொஜெக்டரோடு 1920 × 1080 மடிக்கணினியை இணைக்கின்றோம். இரண்டிலும் ஒரே படம் தெரியட்டும் என்று வைத்தால், கணினி இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவைத் தேடிக்கொள்ளும். ஏதேனும் ஒரு பக்கம் கலங்கும். விண்டோஸ் விசையோடு 'பி' விசையை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தால், புரொஜெக்டர் தனக்குரிய பிரிதிறனில் இயங்கும். வெண்பலகையில் கடைசி வரிசை மாணவனுக்குக் கொம்பு தெரிகிறதா என்று, வகுப்பின் பின்புறம் சென்று நின்று ஒருமுறை பாருங்கள். நான் பார்த்தேன். 'பெ'யும் 'பே'யும் ஒன்றாகவே தெரிந்தன.

நன்கொடையாகக் கணினி தருவோர் பெருகிவிட்ட காலம் இது. முன்னாள் மாணவர்களும் ஆலய நிருவாகத்தினரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் மனமுவந்து தருகின்றனர். அவர்கள் பள்ளியிடம் கேட்பது, "எத்தனை வேண்டும்?" என்பதே. நாமும் எண்ணிக்கையைத்தான் சொல்கிறோம். பத்துக் கணினிக்குப் பதில் எட்டுக் கிடைத்தாலும் எஃப்.எச்.டி. திரையோடு வேண்டும் என்று கேட்க நமக்குக் கூச்சம். தானமாக வரும் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்ற தயக்கம்! இந்தத் தயக்கத்தை நான் விட்டுவிட்டேன். சென்ற முறை எங்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன். சிலர் முகம் சுளித்தனர். ஒரு தந்தை மட்டும் தம் கைப்பேசியை எடுத்து நான் சொன்ன எண்களைக் குறித்துக்கொண்டார்.

எல்லாக் குறைக்கும் திரையே காரணம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை எழுத்தைக் குழப்பினால் முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். அச்சிட்ட நூலிலும் அதே பிழை வருகிறதா என்று பாருங்கள். அச்சிலும் வந்தால் குறைநீக்கல் வகுப்பு வேண்டியதுதான், அதில் இழுக்கில்லை. அச்சில் வராமல் திரையில் மட்டும் வந்தால், மதிப்பீட்டுப் பாரத்தைச் சற்று ஒதுக்கி வையுங்கள்.

அம்மாணவனின் அடைவுநிலையைப் பின்னர் திருத்தினேன். கணினியை அன்றே 1366 × 768க்கு மாற்றி, அளவை 125 விழுக்காடாக்கிக் கொடுத்தேன். "இப்பத் தெரியுது டீச்சர்" என்றான். இப்பொழுது இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டான்.

அதற்குப் பிறகு, யாருக்காகக் கணினி பார்க்கப் போனாலும் ஒரு சோதனை செய்கிறேன். கடையில் வைத்திருக்கும் கணினியில் 12 புள்ளி அளவில் சில சொற்களைத் திறந்து வைத்து, ஒரு கை தொலைவில் நின்று பார்ப்பேன். முட்டை, மூட்டை, கொடு, கோடு, பெறு, பேறு, எண்ணெய், கண்ணி, கண்ணீர். அண்மையில் மலாக்கா நகரில் ஒரு கடையில் இதைச் செய்துகொண்டிருந்தபோது, சீனக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். தமிழ் தெரியாதவர். திரையருகே குனிந்து 'மு'வையும் 'மூ'வையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒரே எழுத்தா என்று மலாயில் கேட்டார். அந்தக் கணினியை மூடிவிட்டுப் பக்கத்தில் இருந்ததைத் திறக்கச் சொன்னேன்.